எருது யாமத்தில் தட்டியவர்

சீன தேசத்து மலையொன்றின் மேல் இருந்த வைத்திய மடத்தில், தூ வெய் என்பவர் மாணாக்கராக இருந்தார். வயது ஐம்பத்தெட்டு. குருவான பான் ஷியூ அம்மையாரோ அவரைவிட ஒன்பது வயது இளையவர்.

மனைவியின் முதலாண்டுத் திதிக்குள், அவள் நற்கதி பெறும்பொருட்டு ஒரு திருநூலைத் தம் கையாலேயே படியெடுத்து முடிப்பதாகத் தூ வெய் நேர்ந்துகொண்டிருந்தார். பகலெல்லாம் நோயாளிகள். ஆகவே இரவெல்லாம் எழுத்து.

ஒருநாள் அம்மையார் அழைத்தார்.

“நாடி பிடித்தபடியே குறட்டை விட்டீராமே? உம் தலை சாய்ந்ததும், தன் உயிர்தான் போய்விட்டது என்று அந்த நோயாளி அலறியிருக்கிறான்.”

“பகலில் சற்றுத் தூங்கி ஈடுகட்டிக்கொள்கிறேன், அம்மா.”

“அவனுக்கு என்ன சொல்லி அனுப்பினீர்?”

“நள்ளிரவு கழிந்து ஒருமணி முதல் மூன்றுமணி வரை எருது யாமம். அப்போது குருதி கல்லீரலுக்குத் திரும்பும். பகலெல்லாம் வெளியே திரிந்த அவனவன் ஆவியும் அங்கே வந்து அடங்கும். அதற்கு வெகுமுன்பே உறங்கிவிடு என்றேன்.”

“நல்ல வைத்தியர். கல்லீரல் வாடினால் கண் மங்குமே, உம் கண் எப்படி?”

“கொஞ்சம் மங்கல்தான்.” தூ வெய் தயங்கினார். “அம்மா, ஒன்று கேட்க வேண்டும். எருது யாமத்தில் என் கதவை யாரோ தட்டுகிறார்கள். திறந்தால் எவரும் இல்லை. முதலில் மூன்று தட்டு. பின்பு இரண்டு. இப்போது ஒன்றே ஒன்று, அதுவும் மெல்ல. அவள்தானே? நூல் முடியப்போவது கண்டு மனம் ஆறி விலகுகிறாள், இல்லையா?”

அம்மையாரின் முகம் வெளுத்தது. “இன்றிரவு நான் வருகிறேன்” என்றார்.

அன்றிரவு தூ வெய் எழுதினார். அம்மையார் கதவருகே அமர்ந்திருந்தார். மடம் முழுதும் உறங்கிற்று. எருது யாமம் பிறந்ததும், நகத்தால் தொட்டாற்போல ஒரு தட்டு.

அம்மையார் கதவைத் திறந்தார். வெளியே பனியும் இருளுமே இருந்தன. குனிந்து வாசற்கல்லைத் தடவினார்.

“இங்கே வாரும். வெறுங்காலை இதில் வையும்.”

தூ வெய் வைத்தார். உறைந்து கிடந்த கல்லில் இரண்டு பாதங்களின் அளவுக்கு மட்டும் வெப்பம் இருந்தது. அவருடைய வலக்கால் சுண்டுவிரல் சிறுவயதில் ஒடிந்து கோணியது. கல்லில் இருந்த சூடும் அதே கோணலில் வளைந்திருந்தது. அவர் நிற்கும்போதே அது தணிந்துகொண்டு வந்தது.

தம் காலைக் குனிந்து பார்த்தார். பின்பு கேட்டார்:

“கதவு தாழிடவில்லையே, அம்மா. தட்டுகிறவர் நானே என்றால், ஏன் உள்ளே வராமல் போகிறார்?”

“விளக்கு எரிகிறது. ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். தம் வீட்டில் வேறு யாரோ குடிவந்துவிட்டதாக எண்ணுகிறார்.”

தூ வெய் மேசையைத் திரும்பிப் பார்த்தார். “இன்னும் ஏழே ஏடுகள். விடிந்தால் அவள் திதி.”

“எழுதும்” என்றார் அம்மையார். “அதற்குள் அவரும் வேறு வீடு பார்த்துக்கொள்வார்.”

தூ வெய் மேசைக்கு நடந்தார். குனிந்து விளக்கை ஊதி அணைத்தார்.