வாகை விதை சொன்ன வித்தை

ஆறுகளுக்கு இன்னும் பேர் வைக்காத காலத்திலே, செம்பாலை என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டுக்கு உலர்நாக்கன் என்றொரு மந்திரவாதி வந்து சேர்ந்தான். அவனுக்குத் தாகம் அடங்காது. ஆற்றைக் குடித்தான், குளத்தைக் குடித்தான், கடைசியில் மனிதர் உடம்பிலிருக்கும் ஈரத்தையும் குடிக்கத் தொடங்கினான்.

அவன் மந்திரத்துக்கு ஒரே ஒரு கட்டு உண்டு. அவன் குடித்துப்போட்ட ஓர் உயிர் திரும்ப எழுந்துவிட்டால், குடித்ததெல்லாம் வெளியேறி அவன் அழிந்துபோவான். இதை அவனே ஊர் ஊராகச் சொல்லிச் சிரிப்பான். ஏனென்றால் இதுவரை யாரும் எழுந்ததில்லை.

காட்டோரம் மாவடியான் என்ற விறகுவெட்டியும் அவன் மனைவி செங்கமலியும் இருந்தார்கள். அவர்களுக்குத் தும்பை என்று ஒரே மகள். ஒருநாள் உலர்நாக்கன் வந்து ஒரே மூச்சில் அவளைக் குடித்துவிட்டுப் போனான். பதறிப்போன மாவடியான் ஒரு குடம் தண்ணீரை அப்படியே மகள்மேல் ஊற்றினான். வெயிலில் காய்ந்த மண்பொம்மைபோல் அவள் கரைந்துபோனாள். மூன்று நாள் கழித்து செங்கமலியைக் குடிக்க வருவதாக மந்திரவாதி சொல்லி அனுப்பினான்.

மாவடியான் காட்டுக்குள் போனான். காய்ந்த மாமரத்தடியில் கிடந்த மாங்கொட்டையிடம் பிழைக்க வழி கேட்டான். அது பேசவில்லை, உள்ளே செத்திருந்தது. பலாக்கொட்டையிடம் கேட்டான். அதுவும் செத்திருந்தது. மொட்டையாய் நின்ற வாகை மரத்தில் ஒரே ஒரு நெற்று காற்றில் கலகலத்தது. அதனிடம் கேட்டான். உள்ளேயிருந்த விதை பேசியது.

"எனக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் அறைகள் இருக்கு. தண்ணி போகப்போகுதுன்னு தெரிஞ்சதும் ஒவ்வொரு அறையிலயும் சர்க்கரைப் பாகை நிரப்பினேன். சுவரும் சுவரும் ஒட்டிக் கிழியாம நடுவுல மெத்தை வச்சேன். தண்ணி போச்சு. பாகு இறுகிக் கண்ணாடி ஆச்சு. கண்ணாடிக்குள்ள எதுவும் அசையாது. அசையாததால எதுவும் உடையாது. நான் சாகல, நின்னுபோயிருக்கேன்."

மாங்கொட்டை ஏன் செத்தது என்று அவன் கேட்டான். ஈரத்தோடு விழுந்து ஈரத்தோடு முளைக்கிற அதற்கு இந்த வித்தை தெரியாது, பலாக்கொட்டைக்கும் தெரியாது என்றது விதை. தன்னை விழுங்கி, மூன்று நாள் கருப்பட்டிப் பாகு மட்டுமே குடித்தால் மனித உடம்புக்கும் அது கைகூடும் என்றது.

"ஆனா தண்ணி போறப்போ இருக்குற ஆபத்தைவிட, திரும்ப வர்றப்போதான் ஆபத்து அதிகம். ஒரேயடியா வந்தா சுவர் கிழிஞ்சிரும். பனி மாதிரி வரணும்."

செங்கமலி விதையை விழுங்கினாள். மூன்று நாள் பாகு குடித்தாள். மந்திரவாதியின் காலடிச் சத்தம் கேட்டபோது கணவனைப் பார்த்து, "அவசரப்படாதீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

உலர்நாக்கன் அவளையும் ஒரே மூச்சில் குடித்தான். அவள் சுருங்கி, கறுத்து, கட்டைபோல் ஆனாள். மூக்கில் மூச்சில்லை, மார்பில் துடிப்பில்லை. மந்திரவாதி வாசலில் உட்கார்ந்துகொண்டான்.

வீட்டில் மிச்சமிருந்தது ஒரு குடம் தண்ணீர். முதல் நாள் மாவடியான் ஒரு துணியை நனைத்து அறையின் மூலையில் கட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. "ஊத்துடா, பொண்டாட்டி சாகுறா" என்றான் மந்திரவாதி. மாவடியான் ஊற்றவில்லை.

இரண்டாம் நாள் அவளைச் சுற்றி மணலைப் பரப்பி ஈரமாக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. "ஊத்துடா, பொண்டாட்டி செத்துட்டா" என்றான் மந்திரவாதி. மாவடியான் ஊற்றவில்லை.

மூன்றாம் நாள் அவள் சுண்டுவிரல் படக்கென்று வெடித்தது. மாவடியான் குடத்தைத் தூக்கிவிட்டான். மகள் கரைந்தோடியது கண்முன் வந்தது. குடத்தைக் கீழே வைத்து, ஈரத்துணியை அவள் பாதத்தில் மட்டும் சுற்றிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

பொழுது சாயும் வேளையில் பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது. செங்கமலி கண் திறந்திருந்தாள்.

வாசலில் மந்திரவாதியின் வயிறு உப்பியது. அதிலிருந்து குளம் வந்தது, ஆறு வந்தது, கிணறுகளெல்லாம் வந்தன. எல்லாம் வந்த பிறகு அவன் ஒரு சருகாகக் கிடந்தான். வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

நாடு பச்சை பிடித்தது. அரசன் அந்தக் காட்டையே இருவருக்கும் எழுதிவைத்தான். ஆனால் மந்திரவாதி குடித்துப்போட்ட மற்றவர்கள் யாரும் எழவில்லை. அவர்கள் உடம்பில் பாகும் இல்லை, மெத்தையும் இல்லை.

செங்கமலிக்கு எழுந்து நடக்கவே ஒரு மாதம் ஆனது. வெடித்த விரல் கடைசிவரை கூடவில்லை. ஒருநாள் காலை கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள் கண்ணில் நீர் கோத்தது. மகள் போனபின் அழ அவளுக்கு நேரமில்லை, மந்திரவாதி குடித்தபின் அழ உடம்பில் ஈரமில்லை. மாவடியான் அவளைத் தேற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தான். அழுது முடிக்கும்வரை காத்திருந்தான்.