குளத்தின் பக்கம் பேசிய உடும்பு

எதிர்க்கரையில் எருமை மந்தை வந்து நின்றபோது, தாழைத் தீவில் தேர்தல் தொடங்கியிருந்தது.

தீவில் ஒரே ஒரு நன்னீர்க் குளம். அதில் தவளையின் தலைப்பிரட்டைகள் நீந்திக்கொண்டிருந்தன. ஒன்றுக்கும் இன்னும் கால் முளைக்கவில்லை.

தீவு எதிர்க்கரையில் இருந்த பெருங்காட்டுக்கு உட்பட்டது. பெருங்காட்டில் கடும் கோடை. கடல் உள்வாங்கும்போது எருமைகளைத் தீவுக் குளத்துக்கு அனுப்பலாமா என்று பெருங்காட்டுச் சபை மறுநாள் முடிவெடுக்க இருந்தது. மந்தை இறங்கினால் குளம் சேறாகிவிடும்.

தீவு இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தீவை ஆள ஒரு தலைவர். சபையில் தீவுக்காகப் பேச ஒரு பிரதிநிதி. பிரதிநிதிக்கு அங்கே வாக்குரிமை கிடையாது. ஆனால், தீவு வேண்டாம் என்று சொன்ன எதையும் சபை திணித்ததில்லை.

தீவில் கட்சிகள் இல்லை. முன்பு காகங்களும் மைனாக்களும் பக்கம் பிரிந்து, ஒருவர் முட்டையை ஒருவர் உடைத்தார்கள். அதன் பிறகு ஒரு விதி வந்தது. வேட்பாளர் வாயில் ‘பக்கம்’ என்ற சொல் வரக் கூடாது. வந்தால் நீக்கம்.

தலைவர் தேர்வு சீக்கிரம் முடிந்தது. நாரை வென்றது. பிரதிநிதி இடத்துக்கு மயிலும் உடும்பும் நின்றன.

"நான் எல்லோருக்கும் பொதுவானவன்!" என்றது மயில். கூட்டம் ஆரவாரித்தது.

தவளை முன்னால் தாவி வந்தது. "மயிலாரே, குளத்தைப் பற்றிச் சபையில் என்ன சொல்வீர்கள்?"

"பொதுவாகச் சொல்வேன்!"

"எருமை வேண்டாம் என்று சொல்வீர்களா?"

"அக்கா, அவசரப்படாதீர்கள். எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்க வேண்டும்."

தவளை திரும்பியது. "உடும்பண்ணே, நீங்கள்?"

"இதில் சுற்றி வளைக்க என்ன இருக்கிறது? நான் குளத்தின் பக்கம்!"

எல்லோரும் தேர்தலை நடத்திய காகத்தைப் பார்த்தார்கள்.

"நீக்கம்!" என்று கத்தியது காகம்.

"குளம் என்ன கட்சியா?" என்றது உடும்பு.

"சொல் சொல்தான்!"

"வாலை ஆட்டுவதோடு நிறுத்தியிருக்கலாமே, நாக்கை ஏன் ஆட்டினீர்கள், உடும்பண்ணே!" என்று ஒரு மைனா சிரித்தது.

தவளை நாரையிடம் ஓடியது. "தலைவரே, ஒரு சொல்லுக்காகவா?"

"விதியை மாற்றுவது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம், அம்மா."

"அதுவரை என் பிள்ளைகளுக்குத் தண்ணீர் இருக்காதே!"

நாரை ஒரு காலை மடக்கிக்கொண்டது. மயில் போட்டியின்றி வென்றது.

மறுநாள் எதிர்க்கரையில் சபை கூடியது. தீவின் பாறை மேலிருந்து எல்லோரும் காது கொடுத்தார்கள்.

"தீவின் கருத்து என்ன?" என்றது தலைமை யானை.

மயில் தோகையை விரித்தது. "எருமைகளுக்குத் தாகம் உண்டு. தவளைகளுக்கும் வீடு வேண்டும். இரண்டையும் தீவு மதிக்கிறது!"

"சரி. எருமைகள் வர வேண்டாம் என்கிறதா தீவு?"

தவளை பாறையின் விளிம்புக்குத் தாவியது.

"அப்படி நான் எப்படிச் சொல்வேன்? ஒருவருக்கு ஆதரவாகப் பேசியதாகிவிடுமே!"

"அப்படியானால் ஆட்சேபணை இல்லை" என்றது யானை. எருமைகளைப் பார்த்துத் துதிக்கையை அசைத்தது.

கடல் உள்வாங்கத் தொடங்கியது. தவளை குளத்துக்குப் பாய்ந்தது. வாய் கொண்ட மட்டும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு, தாழை மடலின் அடியில் தேங்கியிருந்த நீரில் விட்டது. மீதிப் பிள்ளைகளுக்காகத் திரும்பி ஓடி வந்தபோது, முதல் எருமை குளத்தில் படுத்துவிட்டது.

மாலையில் மயில் வந்து இறங்கியது. "எப்படிப் பேசினேன்?"

"யார் மனமும் நோகவில்லை, மயிலாரே. தீவுக்கே பெருமை!" என்றது காகம். பிறகு தண்ணீர் குடிக்கக் குனிந்தது. அலகில் சேறுதான் ஒட்டியது.

நமக்காகப் பேச ஒருவரை அனுப்பும்போது, அவர் எல்லோருக்கும் நல்லவரா என்று பார்த்தால் போதாது. நமக்காக ‘வேண்டாம்’ என்று சொல்லத் துணிவாரா என்று பார்க்க வேண்டும்.