பள்ளியறைச் சுவரில் ஒரு காடு

மழை பெய்யாத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று பேர்போன ஒரு மலைநாட்டை, முன்னொரு காலத்தில் செம்பியராயன் என்கிற மன்னர் ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்பதைவிடத் தூங்கிவந்தார் என்றால்தான் பொருத்தம். அவருக்குக் கனவென்றால் உயிர். படுத்தால் யானைமேல் கடல் கடப்பார், நிலாவில் நெல் அறுப்பார். எழுந்ததும் பலன் சொல்ல மருதவாணர் என்றொரு வித்வானைப் பக்கத்திலேயே வைத்திருந்தார்.

மருதவாணருக்கு ஒரே மனக்குறை. நாட்டுக் காரியம் என்று வந்தால் மன்னர் தம்மை விட்டுவிட்டு மந்திரி அம்பலத்தரசைக் கூப்பிடுகிறாரே என்று. மன்னரை இன்னும் ஆழமாகத் தூங்கவைத்தால் நாட்டுக் காரியமே வராது என்று கணக்குப் போட்டார்.

"மகாராஜா, நல்ல கனவெல்லாம் சாளரம் வழியாக ஓடிப்போகிறது. பள்ளியறையை இறுக அடைத்து, உள்ளே வெட்டிவேர் ஆவி நிறைத்தால் கனவு அங்கேயே தங்கும்" என்றார்.

அப்படியே ஆயிற்று. சாளரங்களில் மெழுகுத்துணி ஒட்டினார்கள். கொதிக்கக் கொதிக்க வெட்டிவேர்த் தண்ணீரை அண்டாக்களில் கொண்டுவந்து மூலைக்கு ஒன்றாக வைத்தார்கள். தாயை இழந்த இளவரசி நாச்சியாரும் அப்பாவை விட்டுப் பிரியாமல் அந்த அறையிலேயே படுத்துக்கொண்டாள். சின்னக் குழந்தை.

மழைக்காலம் பாதி கழிவதற்குள் வடக்குச் சுவரில் கறுப்பும் பச்சையுமாக ஏதோ பூத்தது. முதலில் புள்ளி, பிறகு கொடி, பிறகு ஒரு காடே படர்ந்துவிட்டது. மன்னர் படுத்தபடியே பார்த்துச் சொக்கிப்போனார்.

"அதோ அந்த மான் நேற்று தலை குனிந்திருந்தது. இன்று நிமிர்ந்துவிட்டது."

"கந்தர்வன் ஒருவன் வந்து எழுதுகிறான் பிரபு. தொட்டால் கோபித்துக்கொண்டு போய்விடுவான்" என்றார் மருதவாணர்.

அந்தப் படத்தைத் தொட்டவர் நாட்டைவிட்டுப் போகவேண்டும் என்று முரசறைந்தார்கள்.

ஏதோ ஓர் அவசரக் காரியமாக ஒருநாள் அம்பலத்தரசு அங்கே போனார். கதவைத் திறந்ததும் மக்கிய வாடை முகத்தில் அறைந்தது. ஆனால் சுவரைப் பார்த்ததும் அவரும் நின்றுவிட்டார். ஆவிக்குள் அந்தக் காடு மெல்ல அசைகிற மாதிரி இருந்தது. மரங்களுக்குப் பின்னால் எங்கோ ஓடை ஓடுவதுபோலக்கூட ஒரு மயக்கம். மன்னரைக் குறை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

அப்போது பின்னால் நாச்சியார் இருமினாள். விலா எலும்பு தெறிக்கிற மாதிரி நீண்ட இருமல். மந்திரி திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி சுவரைப் பார்த்தார். காடு போய், வெறும் பூசணம் தெரிந்தது.

"மகாராஜா, இந்தப் பூசணம் இருக்கும்வரை குழந்தையின் இருமல் கஷாயத்துக்குக் கட்டுப்படாது."

"கந்தர்வனின் கைவண்ணத்தைப் பூசணம் என்கிறார். மந்திரியார் வீட்டு ஊறுகாய் ஜாடியிலும் கந்தர்வன் எழுதுகிறான் போலிருக்கிறது" என்று மருதவாணர் சிரித்தார்.

"எழுதத்தான் செய்கிறான் வித்வானே. அங்கே அதற்குத் திட்டு விழுகிறது, இங்கே உமக்குச் சன்மானம் கிடைக்கிறது."

மன்னர் சிரிக்கவில்லை. "கந்தர்வன் இல்லையென்றால் இதை எழுதுவது யார், மந்திரியாரே? அவனை என் முன்னால் நிறுத்தும், நீர் சொன்னபடி கேட்கிறேன். முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தை இவரிடம் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போம்."

அம்பலத்தரசு கூரைமேல் ஏறிப் பார்த்தார். ஓடு எங்கும் உடையவில்லை. சுவரின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். கூரை விளிம்பான இறவாணத்தின் கீழ் அது காய்ந்தே இருந்தது. கொஞ்ச நேரம் சாரலைப் பார்த்தபடி நின்றுவிட்டு மன்னரிடம் வந்தார்.

"எழுதுகிறவன் அழகை ரசிக்கிறவன். கண்ணாடி இருந்தால் பார்க்காமல் போகமாட்டான். படத்தைத் தொடாமல், பக்கத்து வெறும் சுவரில் ஒரு வெண்கலக் கண்ணாடி பதிக்க உத்தரவு வேண்டும்."

கிடைத்தது. கண்ணாடியின் முதுகில் திருநீற்றைத் தூவி, சுற்றிலும் தேன்மெழுகால் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். மோதிரம் போனாலும் போகிறது, அந்த இருமல் நிற்கவேண்டுமே என்பதுதான் அவர் கவலை.

காலையில் எல்லோரும் கூடினார்கள். கண்ணாடியின் முகம் முழுக்கப் பனி மூடி, நீர் வழிந்தது.

"கந்தர்வனின் ஆனந்தக் கண்ணீர்" என்று மருதவாணர் கைகூப்பினார்.

மந்திரி மெழுகைக் கீறிக் கண்ணாடியை எடுத்துத் திருப்பினார். திருநீறு தூவியது தூவியபடி உலர்ந்து கிடந்தது. "சுவருக்குள்ளிருந்து ஈரம் வந்திருந்தால் இது குழைந்திருக்கும். ஈரம் இந்த அறைக்குள்ளேயே இருக்கிறது மகாராஜா."

"எழுதியவன் எங்கே?"

மந்திரி மேல்துண்டால் கண்ணாடியைத் துடைத்து மன்னருக்கு நேரே பிடித்தார். "இதோ நிற்கிறார்."

கண்ணாடிக்குள்ளிருந்து செம்பியராயனே செம்பியராயனைப் பார்த்தார்.

"உங்கள் மூச்சும் குழந்தையின் மூச்சும் அண்டா ஆவியும் வெளியேற வழியில்லாமல் குளிர்ந்த சுவரில் நீராகப் படிகின்றன. அந்த ஈரம்தான் காடு வளர்க்கிறது. கனவு தங்கியதோ இல்லையோ, ஈரம் தங்கிவிட்டது."

மன்னர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு மருதவாணரிடம் திரும்பினார். "என் மகள் இருமுகிறாளே, அதற்கு என்ன பலன், சொல்லும்."

 

பதிலுக்குக் காத்திராமல் மன்னர் தாமே எழுந்துபோய் மெழுகுத்துணியைக் கிழித்தார். காற்று உள்ளே வந்தது. அண்டாக்கள் வெளியே போயின. குழந்தையையும் வெளியே அனுப்பினார்கள்.

"அப்பா, மான் போயிடுமா?" என்றாள் வாசலில் நின்று.

"போகட்டும்மா. அதுக்கும் வெயில் வேணாமா?"

தொட்டவரைத் துரத்தும் ஆணை அப்படியே இருந்ததால் வேறு யாரும் கிட்டே வரத் துணியவில்லை. மன்னரைத் துரத்த ஆளில்லை. ஆகவே அவரே மூக்கில் துணி கட்டி, சுண்ணாம்புத் தண்ணீரில் கந்தையை நனைத்து, மரம் மரமாகத் துடைத்தார். கடைசியாக மானின் முன்னால் கொஞ்சம் தயங்கிவிட்டு, அதையும் துடைத்தார். சுவர் காய்ந்ததும் வெள்ளையடித்தார்கள்.

மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. தினமும் விடியலில் அரண்மனைச் சாளரம் ஒவ்வொன்றையும் திறந்து, வெயில் அடிக்கிற நாளில் மெத்தைகளைக் காயப்போடும் வேலை மருதவாணருக்குக் கிடைத்தது.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம். வெளியே சாரல். பக்கத்தில் நாச்சியார் இருமாமல், சீராக மூச்சுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். மன்னர் படுத்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். தூக்கம் வந்து கண்ணைத் தொட்டபோதும், இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று விழித்தே இருந்தார்.