இல்லாத பிஷப்

"புரோகிராம் எல்லா நகர்வையும் பாக்காது சார். பாத்தா ஒரு ஆட்டம் முடியறதுக்குள்ள நாம ரிட்டயர் ஆயிடுவோம்"னான் திருவரசன்.

எபனேசர் சார் ஏற்கெனவே ரிட்டயர் ஆனவரு. சிரிக்கல.

புரோகிராமும் புரோகிராமும் மோதற செஸ் போட்டி. மதிய இடைவேளை. அடுத்த ஆட்டத்துல தோத்தா திருவரசன் வீட்டுக்குப் போகலாம். அவனுக்குப் புரோகிராம் எழுதக் கத்துக்கொடுத்தது சார்தான்.

"அப்ப எதை முதல்ல பாக்கும்?"

"முன்னாடி எந்த நகர்வு காப்பாத்துச்சோ அதை. முதல்லயே நல்லது சிக்கிட்டா மத்ததைத் தொடாமலே தள்ளிடலாம். அதான் வேகம்."

"காலையில வேகமா என்ன பண்ணுச்சு?"

அவன் லேப்டாப்பைத் திருப்பிக் காலை ஆட்டத்தைக் காட்டினான். ராஜாவுக்கு ஒரு ஆபத்தும் இல்ல. ஆனாலும் மூலையில ஒதுங்கி நின்னுச்சு.

"யாருக்குப் பயந்து?"

"குறுக்கால பிஷப் வந்துரும்னு."

சார் திரையில இருந்த பலகையைப் பாத்தாரு. "எதிராளிகிட்ட பிஷப்பே இல்லையேப்பா. ரெண்டும் வெட்டுப்பட்டுப் போச்சு."

"இது மீரான் பாயோட பிஷப் சார்."

சார் நிமிர்ந்தாரு. மீரான் பாயும் புரோகிராம் எழுதினவருதான். போன மழைக்காலத்துல அடக்கம் பண்ணினாங்க. அதுக்கு சாரும் திருவரசனும் போயிருந்தாங்க.

"அவரு புரோகிராம்கூட ஆடவிட்டுத்தான் இதைப் பழக்கினேன். அப்ப சேர்ந்த ஞாபகத்தை அழிக்க மறந்துட்டேன். இப்ப எதிர்ல யாரு உக்காந்தாலும் முதல்ல அவரு பிஷப்புக்குத்தான் ஒதுங்கிப் பாக்குது."

"பிஷப் இல்லைனு அதுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். ஆனா ரெண்டு நகர்வு சமமா இருந்தா, முதல்ல பாத்ததையே ஆடிடும்."

"புதுசா ஒரு ஆட்டம் ஆரம்பி."

ஆரம்பிச்சான். கொஞ்சம் காய் நகர்ந்துச்சு. அப்புறம், யாரும் மிரட்டாமலே, ராஜா ஒரு கட்டம் தள்ளி மூலைக்குப் போச்சு.

சார் தன்னையறியாம எதிர் நாற்காலியைப் பாத்தாரு. காலி.

திருவரசனும் அங்கதான் பாத்துக்கிட்டிருந்தான்.

"அந்த ஞாபகத்தை அழிச்சிடட்டுமா சார்?"

"அழிச்சா?"

"ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி ஒவ்வொண்ணா தட்டிப் பாக்கும். நேரம் பத்தாது. தோத்துரும்."

"தோக்கட்டும்."

"இது கடைசி வாய்ப்பு சார்."

"தோத்தாலும், நிஜமா எதிர்ல உக்காந்திருக்கிறவன்கிட்டதானே தோக்கும்?"

திருவரசன் அழிக்கிற பட்டன் மேல விரலை வெச்சான். அப்புறம் அழுத்தினான்.

"திருவரசன்! மேஜைக்கு வாங்க!"னு மைக்ல கூப்பிட்டாங்க.

லேப்டாப்பை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் போனான்.