மானுக்கு வீடு கேட்ட தரகர்

"அவன் தராசில் கள்ளக்கல் இருக்கிறது, சாமி! இல்லையென்று சொல்லுங்கள், பார்க்கலாம்."

மாட்டுத் தரகர் காத்தவராயன் மழையில் சொட்டச் சொட்ட நனைந்து குருவின் குடிசைக்குள் நுழைந்தார். குருவுக்கு அவரைவிட வயது குறைவு. கோபமும் குறைவு.

"யார் தராசில்?"

"படைத்தவன் தராசில்தான். அதோ, வெளியே பாருங்கள். நாற்கொம்பு மான். ஆட்டு உயரம்தான் இருக்கும். புதருக்கடியில் தொப்பலாக நனைந்து நடுங்குகிறது. பக்கத்துப் பாறையில் நத்தைப் பயல் முதுகில் வீட்டோடு ஊர்வலம் போகிறான்! ஓடுகிறவனுக்கு ஒன்றுமில்லை, ஊர்கிறவனுக்கு மாளிகையா? நானும் அந்த மான் மாதிரிதான். சந்தை சந்தையாக ஓடினேன். ஒதுங்க ஒரு கூரை இல்லை."

"அதற்கு?"

"அடிவாரத்து மண்டிக்காரர் வீடு தருகிறார். வாசலைத் தாண்டாமல் மண்டியைக் காத்துக்கிடக்க வேண்டுமாம். பொழுது சாய்வதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். சரியென்று சொல்லப் போகிறேன். ஆசீர்வாதம் பண்ணுங்கள்."

குரு தன் துண்டை எடுத்து வலது கைமேல் போட்டார். மாட்டுச் சந்தையில் அப்படித்தான். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள்.

"கையை உள்ளே நீட்டும், தரகரே. மானுக்காக நீர் பேசும். படைத்தவனுக்காக நான்."

காத்தவராயன் முகம் மலர்ந்தது. பேரம் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"மானுக்கு ஒரு வீடு."

"தந்தேன்." குரு ஒரு விரலைப் பிடித்தார். "விலை, அதன் துள்ளல்."

"அடப் போங்க சாமி! துள்ளாத மானைப் புலி தின்னாதா?"

"உள்ளே சுருண்டுகொள்ளட்டும்." அடுத்த விரல். "சருகு அசைந்தாலும் கேட்கிற காது."

"அது உங்களுக்கு எதற்கு?"

"வீட்டுக்குள் கிடப்பதற்கு அது எதற்கு?" மூன்றாவது விரல். "மழை பெய்த மறுநாள், அடுத்த மலைப் புல்லைத் தேடிப் போகும் ஆசை."

காத்தவராயன் வெடுக்கென்று கையை உருவினார்.

"படியாது!"

"ஒரு விரல் குறைக்கிறேன்."

"படியாதென்றால் படியாது. மண்டிக்காரனுக்கும் அதுதான் பதில்."

விறுவிறுவென்று வெளியே வந்தார். புதருக்கடியில் மான் இல்லை. பாறையில் நத்தை இன்னும் ஒரு சாண்கூடத் தாண்டவில்லை.

குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு மழையில் நிமிர்ந்து, வானத்தைப் பார்த்துக் கத்தினார்.

"அடேய்! மானுக்கு அத்தனையும் அள்ளிக் கொடுத்துவிட்டு, இந்தப் பயலை ஒரு ஓடு கொடுத்து ஏமாற்றிவிட்டாயே! இறங்கி வா. இவனுக்குச் சேர வேண்டியதை இப்போதே வைத்துவிட்டுப் போ!"