மெல்வின் சாரின் வண்டி

ஓட்டேரியில் சைக்கிள் பிரேம்களைப் பற்றவைத்துச் சீர்செய்யும் பட்டறை ஜரீனாவுடையது. அவளுக்கு நாற்பது வயது. அவளிடம் தொழில் கற்க வந்த சீடர் குணாளனுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. பழைய இரும்பு ஏலத்தில் கத்திக் கத்தியே தொண்டை போனவர். அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

அன்று குணாளன் வேலையில் கை வைக்கவில்லை. கொக்கியில் தொங்கிய பிரேமைப் பார்த்தபடி சோர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“மாஸ்டர், ஒருத்தரைச் சந்தோஷப்படுத்த பொய் சொன்னா தப்பா?”

“யாரை?”

“மெல்வின் சாரை.”

மெல்வின் இளவயதில் ரயில்வே அணிக்காக டிராக்கில் சைக்கிள் ரேஸ் ஓட்டியவர். கஷ்ட காலத்தில் தன் இங்கிலீஷ் சைக்கிளை விற்றுவிட்டார். அன்றிலிருந்து அதை அவர் தேடாத காயலான் கடை இல்லை. பெடல் அச்சு நுழையும் குழாயின் அடியில் குத்தியிருந்த எண் மட்டும் மறக்கவில்லை. 5183. குணாளன் எடுத்துவந்த பிரேமைப் பார்க்க இன்று வருவதாகச் சொல்லியிருந்தார்.

“பாருங்க மாஸ்டர். பின்சக்கரம் பூட்டுற வாய் பின்பக்கம் திறந்திருக்கு. பிரேக் மாட்ட ஓட்டையே இல்ல. டிராக்ல ஓட்டுற வண்டிதான். இங்கிலீஷ் வேலை. எல்லாம் ஒத்துவருது.”

“நம்பர்?”

குணாளன் தரையைப் பார்த்தார். “துருவா இருந்துச்சு. கிரைண்டர் போட்டுட்டேன். ஏலக்காரன் கை சும்மா இருக்காது மாஸ்டர். எதைத் தூக்கினாலும் முதல்ல பளபளப்பாக்கிடுவேன். அப்புறம்தான் அது என்னன்னே பாப்பேன். திட்டுங்க.”

“திட்டினா நம்பர் வந்துடுமா?”

அவள் பஞ்சை ஆசிட்டில் நனைத்து, வழவழவென்றிருந்த அந்த இடத்தில் ஒற்றினாள்.

“நம்பர் குத்தும்போது அடி உள்ள வரைக்கும் இறங்கும்ணே. நீங்க தேய்ச்சது மேல இருந்ததை மட்டும்தான். ஆசிட் பட்டா அடி வாங்கின இடம் தனியாத் தெரியும்.”

இரும்பு கறுத்தது. மெல்ல ஒரு 5 தெரிந்தது. பிறகு 1. குணாளன் எழுந்தேவிட்டார்.

பிறகு 4. பிறகு 0.

“சனியன்!” ஸ்பானரை மூலையில் வீசினார். குனிந்து எண்ணை மறுபடி பார்த்தார். “இது காய்ஞ்சா மறையுமா?”

“மறையும்.”

“அப்போ அவர் வர்றதுக்குள்ள மறையட்டும். இதுவரைக்கும் நான் சொன்ன பொய்யெல்லாம் எனக்கு லாபம். இது ஒண்ணாவது இன்னொருத்தருக்குப் போகட்டுமே.”

ஜரீனா ஆசிட் பாட்டிலை மூடி வைத்தாள்.

“ஆமாவா, இல்லையா? வாயைத் திறங்களேன் மாஸ்டர்!”

“கொண்டுவந்தது நீங்க. சொல்ல வேண்டியதும் நீங்க.”

ஆட்டோ வந்து நின்றது. மெல்வின் தடியை ஊன்றி இறங்கினார்.

“எங்க மேன் என் ராணி?”

கண்ணை மூடிக்கொண்டு குழாயைத் தடவினார். விரல் அடிப்பக்கம் போய் நின்றது. அங்கே ஈரம் காய்ந்திருந்தது.

“நம்பர் எங்க மேன்?”

மெல்வின் குணாளன் பக்கம் திரும்பினார்.

“சரி, நீ சொல்லு. நீ ஆமான்னா ஆமா. தேடித் தேடி எனக்குக் காலே போச்சு.”

குணாளன் மாஸ்டரைப் பார்த்தார். அவள் வெல்டிங் டார்ச்சுக்கு முனை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“நான்தான் தேய்ச்சுட்டேன் சார். 5140. உங்களுது இல்ல.”

மெல்வின் முக்காலியில் உட்கார்ந்தார்.

“ராஸ்கல். ஊரையே ஏமாத்தினவன். எனக்குன்னு வரும்போதுதானா உனக்கு உண்மை வரணும்?”

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. வாங்கிவைத்த டீயைப் பாதி குடித்தார். கிளம்பும்போது பிரேமைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்டோ தெரு முனையில் திரும்பும்வரை குணாளன் வாசலிலேயே நின்றார்.

“கிழவர் மூஞ்சியைப் பாத்தீங்களா? உண்மையைச் சொன்னேனே, அவருக்கு என்ன கிடைச்சுது மாஸ்டர்?”

ஜரீனா டார்ச்சைக் கீழே வைத்தாள்.

“நீங்க ஆமான்னு சொல்லியிருந்தா தேடறதை விட்டிருப்பாரு. அவரு வண்டி இன்னிக்குத்தாண்ணே தொலைஞ்சிருக்கும்.”