டிரம்ஸ்காரர் ஹெட்ஃபோன் வாங்கிய கதை

குலசேகருக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்கு டிரம்ஸ் சொல்லித்தரும் குரு ஷெரினுக்கு இருபத்தெட்டு. அவர் அவளை "மிஸ்" என்பார், அவள் அவரை "அண்ணா" என்பாள். இரண்டு பேருக்கும் இதில் கூச்சம் கிடையாது. பார்க்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வரும்.

இருபத்தைந்து வருஷம் கல்யாணக் கச்சேரிகளில் டிரம்ஸ் அடித்தவர் அவர். மெல்லிசைக் குழு என்று பேர்தான் மெல்லிசை. பந்தியில் பாயசம் கேட்கிறவன் சைகையில்தான் கேட்க வேண்டும்.

போன மாதம் முதல்முறையாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் கூப்பிட்டார்கள். அங்கே காதுக்குள் டிக், டிக் என்று ஒரு சத்தம் தாளத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். கிளிக் என்பார்கள். அதைக் கேட்டபடியே வாசிக்க வேண்டும். குலசேகரின் ஹெட்ஃபோனிலிருந்து அந்த டிக் டிக் வெளியே கசிந்து, டிரம்ஸ் மைக்கில் விழுந்துவிட்டது. பாட்டு அமைதியாகும் இடத்தில் சுவர்க் கடிகாரம் ஓடுவது போலக் கேட்டது.

வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை வரச் சொல்லியிருந்தார்கள். மறுபடி கசிந்தால் அதற்கடுத்த தடவை கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

புதன்கிழமை காலை, தையல் கடைக்கு மேலே இருந்த ஷெரினின் வகுப்புக்கு மூன்று ஹெட்ஃபோன்களோடு படியேறினார். தெரிந்த சவுண்ட் சர்வீஸ்காரர் கொடுத்தவை. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திருப்பிவிட வேண்டும்.

"மிஸ், இதுல எது நல்லது?"

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

"இந்த வெள்ளை. பாட்டு போட்டுக் கேட்டேன். தேனா இருக்கு."

"எங்க வெச்சுக் கேட்டீங்க?"

"மொட்டை மாடியில. காத்தாட."

"அங்க டிரம்ஸ் இருந்துச்சா?"

"இல்லையே."

ஷெரின் வெள்ளை ஹெட்ஃபோனின் ஒயரை உருவிக் கீழே போட்டாள்.

"ஐயோ, ஒயர் இல்லாம என்ன கேக்கும் மிஸ்?"

"அதைத்தான் தெரிஞ்சுக்கணும். மாட்டிட்டு உக்காருங்க."

அவர் மாட்டிக்கொண்டார். ஷெரின் டிரம்ஸில் உட்கார்ந்து அடித்தாள்.

"எல்லாமே கேக்குது" என்றார் குலசேகர் ஏமாற்றத்தோடு. வெளிச் சத்தம் உள்ளே வந்தால், உள்ளே இருப்பதும் வெளியே கசியும்.

இரண்டாவதையும் ஒயர் இல்லாமலே மாட்டினார். பாதி கேட்டது. மூன்றாவது கறுப்பு, பார்க்க லட்சணமில்லை, கனம் வேறு. தலையை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்தது. ஷெரின் அடிக்க ஆரம்பித்ததும் அவர் கண் விரிந்தது.

"இதான் மிஸ்! பக்கத்து வீட்ல யாரோ அடிக்கற மாதிரி இருக்கு. சிம்பல் மட்டும் இடது பக்கமா சுர்ருனு வருது."

ஷெரின் எழுந்து வந்து அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். திரும்பப் போய் சிம்பல் என்ற அந்தப் பித்தளைத் தட்டை ஓங்கித் தட்டினாள்.

"அட! போயிடுச்சு!"

காதின்மேல் கிடந்த கண்ணாடிக் கம்பி, ஹெட்ஃபோனின் மெத்தையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் விஷயம். அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்துச் சிரித்தார் குலசேகர். புது பொம்மை கிடைத்த பிள்ளை தோற்றுப்போகும்.

அந்தச் சந்தோஷத்தில்தான் மனசில் கிடந்ததும் வெளியே வந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றாமலே, ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

"மிஸ், உங்ககிட்ட மட்டும் சொல்றேன். இடது காதுல விசில் அடிக்கற மாதிரி ஒரு சத்தம். ஆறு மாசமா இருக்கு. போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாத்திக்கோங்கன்னுட்டார் டாக்டர். வீட்ல சொல்லலை."

கீழே தையல் மெஷின்கள் நின்றன.

ஷெரின் அவர் காதிலிருந்து ஹெட்ஃபோனை மெதுவாக எடுத்தாள். "ஏன்ணா கத்துறீங்க?"

"கத்துனேனா? காதும் காதும் வெச்ச மாதிரி இல்ல சொன்னேன்!"

"கீழ எல்லாரும் கேட்டுட்டாங்க."

அவர் முகம் செத்துப்போனது. ஷெரினுக்குப் பாவமாக இருந்தது. தண்ணீர் கொடுத்தாள். கீழே மெஷின்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப ஓட ஆரம்பித்தன.

"காதை மூடினா யாருக்கும் குரல் தானா ஏறிடும்ணா. உங்களுக்கு மட்டும் இல்ல."

குலசேகர் டம்ளரைக் கீழே வைத்தார். வெட்கம் போய் யோசனை வந்திருந்தது.

"குரல் மட்டும்தான் ஏறுமா மிஸ்? கை?"

"வாசிச்சுப் பாருங்க."

கறுப்பு ஹெட்ஃபோனில் ஒரு நீள ஒயரைச் செருகி, பக்கத்திலிருந்த பெட்டியில் கிளிக்கை ஓடவிட்டாள். குலசேகர் வாசித்தார். தன் அடி தனக்குச் சரியாகக் கேட்காததால் ஓங்கி அடித்தார். ஓங்கி அடித்ததால் கிளிக் அமுங்கிப்போனது. கிளிக்கின் வால்யூமை ஏற்றினார். ஏற்றியதும் மறுபடி தன் அடி போதவில்லை. இன்னும் ஓங்கினார். முன்னால் இருந்த ஸ்னேர் டிரம் ஸ்டாண்டோடு நகர்ந்தது.

ஷெரின் கைகாட்டி நிறுத்தினாள். ஹெட்ஃபோனைக் கழற்றி, அறையின் அந்தக் கோடிக்குப் போய், கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தாள்.

டிக். டிக். டிக். டிக்.

இந்தக் கோடியில் இருந்த இரண்டு பேருக்கும் அது நன்றாகவே கேட்டது.

"இதுவும் கசியுதே!" என்றார் குலசேகர். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. "மூணுல இதானே கெட்டியா மூடுது? இதைவிடக் கெட்டியா வேற வருதா மிஸ்?"

"வருது."

"அதை வாங்கிடட்டுமா?"

"வாங்குங்க. அதுக்கும் இந்தத் திருகு இருக்கும்."

அவள் விரல் பெட்டியின் வால்யூமைக் காட்டியது. அவர் தானே எழுந்து போய் ஹெட்ஃபோனை எடுத்து வந்தார். கையில் பிடித்தபடியே வால்யூமைக் குறைத்தார். டிக் டிக் வெளியே கேட்காமல் போகும்வரை குறைத்துவிட்டு, தலையில் மாட்டிக்கொண்டார்.

நாலு அடி அடித்ததும் நிறுத்திவிட்டார். ஒரு பக்கத்து ஹெட்ஃபோனைக் காதிலிருந்து விலக்கிக்கொண்டு சொன்னார்.

"கிளிக்கைக் காணோம் மிஸ். அடிக்க ஆரம்பிச்சா ஓடிடுது."

"யாரு விரட்டுறாங்க?"

குலசேகர் குச்சிகளைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தார். இந்தத் தடவை மணிக்கட்டை மட்டும் அசைத்து வாசித்தார். முகம் முதலில் சந்தேகப்பட்டது, பிறகு மலர்ந்தது. ஒரு பல்லவி முழுவதும் வாசித்தார். ஸ்னேர் நகரவில்லை. கீழே மெஷின் ஓடுவதுகூட ஷெரினுக்குக் கேட்டது.

ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"கேக்குது மிஸ். கிளிக் கூடவே வருது. காதும் வலிக்கலை."

"அப்புறம் ஏன் முகம் தொங்குது?"

"சொல்றதுக்கு ஒரு மாதிரியா இருக்கு. இருபத்தஞ்சு வருஷமா மண்டபத்துல கடைசி வரிசைல உக்காந்திருக்கறவனுக்கும் கேக்கணும்னு அடிச்சவன் நான். இவ்ளோ மெதுவா அடிச்சா நான் வாசிக்கறது யாருக்கு மிஸ் கேக்கும்?"

ஷெரின் அலமாரியைத் திறந்து ஒரு மைக்கை எடுத்தாள். அதை ஸ்டாண்டில் பொருத்தி, ஸ்னேர் டிரம்முக்கு நாலு விரல் உயரத்தில் நிறுத்தினாள்.

"இதுக்குக் காது நல்லா இருக்குண்ணா."